பாரகூவிலிருந்து ஒரு கிலோ முந்திரிப் பருப்பு

1

சுங்கத்துறைக் கடிதம் பிரெஞ்சில் இருந்தது. மாண்ட்ரியலுக்கு வந்து இது எனக்கு ஐந்தாவது குளிர்காலம். என் பிரெஞ்சு ரொட்டி வாங்கவும், பஸ் டிரைவருக்கு ஒரு போன்ஜூர் சொல்லவும் போதும். அரசாங்கக் கடிதத்துக்குப் போதாது. எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் குடியிருப்பது தரைக்குக் கீழே ஓர் அறை. மேலே வீட்டுக்காரர் சூசை அண்ணை, மன்னார்க்காரர். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் காலேஜ் போகிற பெண். அவர் தமிழில் கேட்கக் கேட்க, அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் நடக்கிறது, யாருக்கும் அது குறையாகத் தெரிவதில்லை. எனக்குத்தான் கேட்கும்போதெல்லாம் ஏதோ செய்யும்.

"உமக்கொரு பார்சல் வந்திருக்காம் தம்பி. ஆப்பிரிக்காவில இருந்து," என்றார் அண்ணை. "என்ன, வைரமோ? சொன்னா நான் வாடகையக் கூட்டுவன்."

முந்திரிப் பருப்பாக இருக்கும் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "அது கீழ மூலைக்கடை தெப்பனரிலயே விக்கிறானே," என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சுங்க அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினார். பொருள் என்ன, எடை என்ன என்பதை எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்தில் வியாபார மாதிரியா, அன்பளிப்பா என்று கேட்டிருந்தது. அதற்கடுத்து, மதிப்பு. பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். சரக்கு அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. பொருள், எடை, மதிப்பு என்று ஒரு நாளைக்கு எத்தனையோ வரி தட்டுகிறவன். என் சொந்தப் பார்சலுக்கு எழுத வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அந்த அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அன்பளிப்பில் தானே ஒரு கோடு போட்டார், ஏதோ ஒரு தொகையை எழுதினார், முத்திரை குத்தினார்.

2

நான் வணிக மேலாண்மை படித்தவன், அதிலும் ஆப்பிரிக்கச் சந்தைகளைப் பற்றி ஆய்வறிக்கை எழுதியவன் என்று ஊரில் எப்படியோ தெரிந்துபோய்விட்டது. மாதத்துக்கு ஒருவராவது மின்னஞ்சலில் கேட்கிறார்கள்: ஆப்பிரிக்கா எழுந்து வருகிறதாமே, அங்கே என்ன தொழில் செய்யலாம், என்ன விற்கலாம்? ஒவ்வொருவருக்கும் ரெண்டு வரியில் பதில் போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பார்சல் வந்த பிறகு அப்படித் தப்பிக்கக் கூடாது என்று தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த ஆப்பிரிக்க வியாபாரம் ஒன்றே ஒன்றுதான். அதில் நான் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நான் பண்ருட்டிக்காரன். அம்மா முந்திரி கம்பெனியில் கொட்டை உடைக்கிறவர். அங்கே உடைபடுவதில் பாதிக்கு மேல் நம் ஊரில் காய்த்தது இல்லை. கப்பலில் வருவது. நாட்டுக் கொட்டை, ஃபாரின் கொட்டை என்று கம்பெனியில் பிரித்துச் சொல்வார்கள். ஃபாரின் கொட்டை வந்த சாக்குகளில் கிழிந்ததை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் ஒன்றை விரித்து உட்கார்ந்துதான் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். கறுப்பு மையில் பெரிய எழுத்து அச்சடித்திருக்கும். இங்கிலீஷ் என்று நினைத்து எழுத்துக்கூட்டுவேன், எந்த அகராதியிலும் அகப்படாது. அப்பா, சித்தப்பா, மாமா யாருக்கும் தமிழே படிக்கத் தெரியாத வீட்டில் அதை யாரிடம் போய்க் கேட்பது.

பல வருஷம் கழித்து இங்கே முதல் செமஸ்டரில், பக்கத்தில் இருந்தவனின் நோட்டில் அதே வார்த்தைகளைப் பார்த்தேன். நுவா த கஜூ. பிரெஞ்சில் முந்திரிக் கொட்டை. கீழே அவன் ஊரின் பெயர், அவன் நாட்டின் பெயர். நான் உட்கார்ந்து படித்த சாக்கு அவன் நாட்டுச் சாக்கு.

3

அவன் பெயர் இத்ரிசு. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்ற சின்ன நாடு, அதன் வடக்கே பாரகூ என்ற ஊர். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. என்னைப் போலவே அவனும் வீட்டில் முதல் படிப்பாளி.

அந்த வகுப்பில் ஆளுக்கொரு ஆப்பிரிக்கத் தொழில் திட்டம் எழுதவேண்டும். ஒருவர் செல்போன் விற்றார், ஒருவர் மாத்திரை விற்றார், ஒருவர் மோட்டார் சைக்கிள். நானும் விவசாய பம்ப்செட் விற்பதாக எழுதியிருந்தேன். எல்லாம் பெரிய பெரிய வரைபடங்கள், அம்புக்குறி எல்லாம் மேல்நோக்கி. இத்ரிசு கடைசியில் எழுந்து, எல்லாரும் எங்களிடம் விற்க வருகிறீர்கள், வாங்க வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றான். யாரும் தூக்கவில்லை. நான் தூக்கினேன். என் ஊர் வாங்குகிறது என்றேன். வகுப்பு சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட சிநேகிதம். நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆறு மாடிக் கட்டடத்தில் அவன் அறை. ராத்திரி ஷிப்டில் அதே ஆஸ்பத்திரியில் தரை துடைப்பான், பகலில் வகுப்பு. ஆப்பிரிக்கா என்று ஒரே ஒரு கடை கிடையாது, போய் ஷட்டரைத் தூக்கி உட்கார என்று அவன்தான் எனக்குச் சொன்னது. துறைமுகத்தில் ஒரு பாஷை, உள்ளூர்ச் சந்தையில் ஒன்று, காகிதத்தில் பிரெஞ்சு. துணி வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில் இருக்கும், அவர்களிடம் அவசரப்பட்டுப் பேரம் பேசினால் காரியம் முடிந்தது. கப்பலில் சரக்கு வந்து சேர்வதைவிட, துறைமுகத்திலிருந்து லாரி ஊருக்குள் போய்ச் சேர்வதுதான் நாளாகும். மின்சாரம் நினைத்தால் வரும். இதையெல்லாம் மீறி ஒருவன் அங்கே கடைபோட்டு நின்றுவிட்டால் அவனை யாரும் அசைக்க முடியாது என்பான். நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான்.

ஆனால் அவன் ஆசை வேறு. கொட்டையைக் கொட்டையாகவே கப்பலேற்றக் கூடாது, பாரகூவிலேயே உடைத்துப் பருப்பாக விற்கவேண்டும். ஒரு கொட்டகை, நாற்பது பெண்கள். அந்த ஊர்ப் பெண்கள் கொட்டையைப் பொறுக்கத் தெரிந்தவர்கள், உடைக்கத் தெரியாதவர்கள். உடைத்தால் பருப்பு முழுசாக வரவேண்டும், இல்லாவிட்டால் விலை பாதி. முழுசாக எடுக்கிற வித்தை இந்தியாவில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அது என் அம்மா கையில் இருக்கிறது என்பது என்னால் தெரியவந்தது.

4

நோட்டில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தான். கொட்டையை எவ்வளவு பக்குவப்படுத்தவேண்டும்? எப்படி அடிக்கவேண்டும்? கையை எப்படிக் காப்பாற்றுவது? ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது கேட்டுவிடு, அது போதும் என்றான்.

மூன்றுக்கும் பதில் எனக்கே தெரியும். பண்ருட்டியில் முந்திரி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா? சரி, கேட்கிறேன் என்று நோட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் கணக்கு ஓடியது. கொட்டை அங்கேயே உடைபட்டால் கப்பலில் எது வரும்? அம்மா கம்பெனியில் நூற்றுச் சொச்சம் பேர், எல்லாம் பெண்கள். என் ஆய்வறிக்கையில், உற்பத்தி செய்யும் இடத்திலேயே மதிப்பைக் கூட்டவேண்டும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். எழுதும்போது அந்த வரிக்குள் அம்மா உட்கார்ந்திருப்பது தெரியவில்லை.

ஞாயிறு போனது. போன் கார்டு கோளாறு, லைன் கிடைக்கவில்லை என்று இத்ரிசிடம் சொன்னேன். அடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பார்த்ததும் ஒரு வணக்கத்தோடு விடமாட்டார்கள். உடம்பு எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி, அம்மா எப்படி என்று ஒவ்வொன்றாக நின்று கேட்பார்கள், நாமும் நின்று பதில் சொல்லவேண்டும். இந்த ஊரில் என்னை அப்படி விசாரிக்க வேறு ஆள் இல்லை. ஆபீசிலும் வகுப்பிலும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே கடந்து போவார்கள், பதிலுக்கு நிற்பது கிடையாது. அதனால் அவனுடைய விசாரிப்புக்காகவே நான் சில நாள் மெட்ரோவில் கோட்-டெ-நெய்ஜ் வரை போனதுண்டு. காய்ச்சல் பொய்யைச் சொன்ன பிறகு அவன் வரிசையை மாற்றிவிட்டான். முதல் கேள்வி அம்மா எப்படி என்பதாகிவிட்டது. இன்னும் குணமாகவில்லையா என்று முகத்தைப் பார்த்துக் கேட்பான். நான் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

5

பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். இத்ரிசு போன் செய்து, உடனே வா என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆறு மாடியிலும் இருந்தவர்கள் தெருவில் பனியில் நின்றுகொண்டிருந்தார்கள். தோளில் போர்வையோடு ஒரு வயதான பெண், குழந்தையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஒரு அப்பா, காலில் வெறும் வீட்டுச் செருப்போடு நாலைந்து மாணவர்கள். இரண்டு தீயணைப்பு வண்டி. தீயே இல்லை, எல்லாம் புகை. கட்டடத்தை நெருங்கும்போதே தொண்டையில் பிடித்தது. அந்த நெடியை எனக்குத் தெரியும். என் கண்ணுக்கும் தெரியும், உடனே எரிய ஆரம்பித்தது.

அவன் ஊரிலிருந்து வந்த யாரோ பெட்டியில் நாலு கிலோ பச்சைக் கொட்டை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். என் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, இனி நாமே செய்து பார்ப்போம் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமையலறை ஓவனில் வைத்து வறுத்திருக்கிறான். முந்திரி ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. சூடு ஏறினால் சீறிக்கொண்டு வரும், அதன் புகை ஆளை அடித்துப் போடும், கையில் பட்டால் தோலை உரித்துவிடும். எங்கள் ஊரில் கொட்டையை வீட்டுக்குள் வறுக்க யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். அவன் தோப்புக்காரன் மகன், கொட்டையைப் பொறுக்கி மூட்டை கட்டி அனுப்பியதோடு சரி. உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் சொல்லவில்லை.

நடைபாதை ஓரத்தில் நின்றிருந்தான். இரண்டு கையையும் பனிக்குள் விட்டிருந்தான். வெளியே எடுத்துக் காட்டினான், உள்ளங்கை முழுக்கக் கறுப்பு, விரல் இடுக்குகளில் கொப்புளம். காட்டியபடியே கேட்டான்:

"அம்மாவுக்கு இப்போது பரவாயில்லையா?"

6

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே ராத்திரி ஏழரை. நடந்ததைச் சொன்னேன். அம்மா முதலில் சிரித்தார்.

"வீட்டுக்குள்ளயா வறுத்தான்? அடுப்பு மேலயா?"

"ஓவன்ல. பெட்டி மாதிரி இருக்கும்மா, மூடி வெச்சு."

"மூடி வேறயா." திரும்பவும் சிரித்தார். பிறகு, "கையில தேங்கா எண்ணெய் தடவச் சொல்லு. ஐஸ் எல்லாம் வேணாம். ஏண்டா, பக்கத்துல இருந்துக்கிட்டு நீ ஒரு வார்த்த சொல்லலியா?"

"சொல்லலம்மா."

"ஏன், மறந்துபோச்சா?"

"இல்ல. தெரிஞ்சுதான் சொல்லல. அவங்க ஊருலயே ஒடச்சுட்டா நமக்குக் கொட்டை வராது. உனக்கு வேலை இருக்காது."

தெருவில் பெண்கள் பேசிக்கொள்வது லைனில் கேட்டது.

"நான் இத்தினி வருசம் ஒடச்சது பத்தாது, இன்னும் பத்து வருசம் ஒடைக்கணும்கிறியா? அதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

எனக்கு உன் கவலை மட்டும் இல்லை, கம்பெனியில் அத்தனை பேருக்கும் என்ன வழி என்றேன். உனக்குக் காய்ச்சல் என்று அவனிடம் பொய் சொல்லிவைத்திருப்பதையும் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாது. தெரியாததக் கேக்காத. மொதலாளி மெசின் வாங்கப் போறேன்னு ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டுக் கெடக்காரு. அதுக்கு எந்த ஆப்பிரிக்காக்காரன் காரணம்?" என்றார். "அந்தப் புள்ள கையப் பொசுக்கிக்கிட்டு நிக்கிறான். அவன் வேற, எனக்குக் காய்ச்சல்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். நல்லாருக்குடா உன் படிப்பு. பேப்பர் எடு, எழுதிக்க."

எனக்குத் தெரிந்தவற்றையே அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஆனால் அம்மா சொன்ன வரிசையும் அளவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வறுப்பது திறந்த வெளியில், காற்று போகிற பக்கத்துக்கு எதிரே நின்று. வறுத்ததும் உடைக்கக்கூடாது, ஆறவைக்க வேண்டும், அவசரப்பட்டால் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். கைக்குச் சாம்பல், அரை மணிக்கொரு தரம் புதுசாக. கொட்டையைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி ஒரே அடி. ரெண்டாவது அடி அடித்தால் உள்ளே குருணைதான்.

"இன்னொன்னு இருக்கு," என்றார் அம்மா. "ஒடஞ்சதுக்குக் கூலியில பிடிக்கக்கூடாது. இங்க எங்களுக்குப் பிடிக்கிறாங்க, இத்தினி வருசமா பிடிக்கிறாங்க. புதுசா கத்துக்கிறவ கையில ஒடையத்தான் செய்யும். இதுக்கு ஒத்துக்கிட்டான்னா எழுதினதக் குடு. இல்லன்னா கிழிச்சுப் போட்டுடு."

7

காய்ச்சல் பொய் என்று இத்ரிசிடம் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். மேஜை மேல் அவன் வீட்டுக்காரரின் பதிவுத் தபால் கிடந்தது, இன்னும் ஒரு மாதத்தில் அறையைக் காலி செய்யவேண்டுமாம். ஏன் பொய் சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை, நானாகக் காரணத்தைச் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கிருந்தே, என் அம்மாவாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன், ஆனால் காய்ச்சல் என்று சொல்லியிருக்கமாட்டேன் என்றான்.

பிறகு அம்மாவின் நிபந்தனையைச் சொன்னேன். அதில்தான் அவனுக்குக் கோபம் வந்தது. உடைந்ததைப் பாதி விலைக்கு விற்கவேண்டும், கூலி முழுசாகத் தரவேண்டும், அப்படி ஒரு கொட்டகை எத்தனை நாள் நிற்கும், நீயும் வணிகம் படித்தவன்தானே என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் தாளைப் பையிலேயே வைத்திருந்தேன்.

நாலு நாள் கழித்து அவனே போன் செய்தான். விசாரிப்பெல்லாம் இல்லை, நேராக விஷயத்துக்கு வந்தான்.

"ஆறு மாதம். ஆறு மாதம் பிடிக்கமாட்டேன். அதற்கு மேல் முடியாது. அம்மாவிடம் கேள்."

அம்மாவிடம் சொன்னேன். "வெவரமானவன்தான்," என்றார். "சரி, குடு."

அந்த வசந்தத்தில் அவன் ஊருக்குப் போனான். ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்வரை வீடு, வேலை, உடம்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டான், கடைசியில் அம்மா. இனி இந்த ஊரில் அதைக் கேட்க ஆளில்லை என்று தெரிந்தே நின்று பதில் சொன்னேன்.

8

போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நடுவில் ரெண்டே ரெண்டு மின்னஞ்சல். கூரை போட்டாயிற்று என்று ஒன்று. மழை, லாரி சிக்கிக்கொண்டது என்று இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவோடு பேசுகிறேன், பிறகு துணி துவைக்கிறேன், பிறகு மேலே சூசை அண்ணை வீட்டார் பூசைக்குப் போய்த் திரும்புகிற காலடிச் சத்தம் கேட்கும். அதன் பிறகு மறுநாள் காலை வரை எனக்கு யாரோடும் பேச்சில்லை.

சுங்க அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பார்சலை ஞாயிறு காலை அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் பிரித்தேன். உள்ளே துணிப்பை, அதில் ஒரு கிலோ பருப்பு. ஒரு துண்டுக் காகிதம். மேஜையில் கொட்டி முழுசு, பாதி, குருணை என்று பிரிக்கச் சொன்னார் அம்மா. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிரித்தேன். பாதிக்குப் பாதிதான் முழுசாக இருந்தது.

"பரவால்லையே. நான் மொத வருசம் ஒடச்சதுக்கு இது எவ்வளவோ தேவல," என்றார். பிறகு அந்தக் கூலி விஷயத்தைக் கேட்டார்: "பிடிச்சானா?"

காகிதத்தை எடுத்தேன். முதலில் வீடு எப்படி, வேலை எப்படி, அம்மா எப்படி என்று வரிசையாக எழுதியிருந்தான். அதன் கீழே ஒரே வரி. அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்:

"ஆறு மாசம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சாம்மா. இன்னும் பிடிக்கலியாம்."

கம்பெனியில் அந்த வாரம் மூணு நாளாகக் கொட்டை வரவில்லை, சும்மாதான் இருக்கிறேன் என்று அம்மா வேறு ஏதோ பேச்சைப் போல் சொன்னார். எனக்குக் கை நின்றுவிட்டது. அவன் கொட்டகை நாற்பது பேர் கொட்டகை. அந்த ஒன்றால் பண்ருட்டிக்குக் கொட்டை வருவது நின்றுவிடாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் மேஜை மேல் இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றார் அம்மா. "ஒடஞ்சதுல ஒண்ணு எடுத்து வாயில போடு. எப்படி இருக்குன்னு சொல்லு."

குருணையிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். நான் மென்று முடிக்கும்வரை அம்மா லைனில் காத்துக்கொண்டிருந்தார்.